சொட்டு நானாவும் நானுஓயா ஏற்றமும்

பொகவந்தலாவை பஸார் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி ஒரு ஜனாஸா அறிவித்தலைச் சொன்ன அந்தக் காலையில், நான் பாண் கடை வாசலில் என் பிக்கப்பின் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். "முகம்மது ஹனிபா ஜுனைதீன்" என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார்கள். கடையில் நின்ற ஒருவருக்கும் ஆள் பிடிபடவில்லை. "வெளியூர் ஆளா இருக்கும்" என்றார் பாண் கடைக்காரர். திரும்பவும் வாசித்தார்கள். அப்போதுதான் பாண் வாங்க வந்த ஒரு பெண், "ஐயோ, நம்ம சொட்டு நானாங்க!" என்று வாயில் கையை வைத்தாள். என் கையிலிருந்த காற்று மானி நழுவி விழுந்தது. விழுந்த சத்தம் நோர்வூட் வரை கேட்டிருக்கும்.

இவ்வளவு காலம் அவரோடு பழகியும் அவருடைய வாப்பா வைத்த பெயரைக் கேட்டதே அன்றுதான். மாரடைப்பாம். தூக்கத்திலேயே போய்விட்டாராம். வீட்டுக்கு ஓடினேன். முகத்தைப் பார்த்தேன். பேச வாயெடுத்தவர் பாதியில் நிறுத்தியதுபோல் இருந்தார். அவருடைய மகன் ரிஸ்வான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இண்டைக்கு மாமிக்கு மெசின் நாள்தானே? போங்க. நீங்க இங்க நிக்கிறதப் பாத்தா வாப்பா எழும்பி ஏசுவாரு" என்றான். போனேன். அடக்கத்துக்கு நிற்கவில்லை. இவ்வளவு பேசுகிற செல்லையா மையவாடிப் பக்கமே வரவில்லையே என்று பஸாரில் சிலர் கேட்டதாக அறிந்தேன். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னால் நேரம் ஒதுக்க முடியாமல் போய்விட்டது; ஆனாலும் இதை என்னைவிட நன்றாக எழுதக்கூடிய ஆள் இந்த மலைநாட்டில் இல்லை. ஏனென்றால் வண்டிக்குள் இருந்தவன் நான்.

அவருக்கு அந்தப் பெயர் வந்த கதை பழைய ஆட்களுக்குத் தெரியும். பஸாரில் பழைய வாகனங்களுக்கு உதிரிப்பாகம் விற்கிற கடை வைத்திருந்தார். ஒரு நாள் கடைக்கு எதிரே நின்ற பஸ்ஸின் அடியிலிருந்து டீசல் சொட்டியது. ஓடிப்போய்க் குனிந்து அதைக் கையில் ஏந்திக்கொண்டு, டிரைவர் வரும்வரை கத்தினார். டிரைவர் ஆற அமரத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து, "என்னங்க நானா, ரெண்டு சொட்டுக்கா இந்த ஆட்டம்?" என்றார். "அது டீசல் இல்ல வாப்பா, ரோட்டு! ஒங்கட ரோட்டு சொட்டிக்கிட்டுப் போகுது!" என்றார் நானா. அன்றிலிருந்து எல்லாருக்கும் அவர் சொட்டு நானா, சொட்டு அண்ணன். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டம் போல வைத்துக்கொண்டார். அடக்கம், பணிவு என்பதெல்லாம் அவரிடம் கிடையாது. என்னைவிடப் பெரிய வாய் இந்தப் பக்கத்தில் அவருக்கு மட்டும்தான் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது ஒரு தோட்டத்துத் துரை ஓட்டிய பழைய ஃபோர்வீல் பிக்கப். தோட்டத்தில் டெண்டருக்கு விட்டபோது பெரிய பெரிய முதலாளிமார் எல்லாம் வந்திருந்தும் நான்தான் எடுத்தேன். பின்பக்கம் 'மலை வேங்கை' என்று எழுதினேன். முன்னால் யானை முட்டினாலும் யானைக்குத்தான் நட்டம் என்கிற மாதிரி இரும்புக் கம்பி, மேலே இரும்புத் தட்டு, நாலு லைட். நான்கு சக்கரமும் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும்படி முன் சக்கரத்து லொக்கைப் பூட்டியே வைத்திருப்பேன். வேங்கை நாலு காலில்தானே ஓடும்? டீசல் குடிக்கும்தான். அந்த நாளில் அதை யார் பார்த்தது?

பார்க்க வேண்டிய காலம் வந்தது. என் மனைவி பாக்கியத்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். அடுத்ததும் தவறினால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும் என்று டொக்டர் அம்மா என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். அது நடந்துகொண்டிருக்கும்போதுதான் நாட்டில் டீசல் இல்லாமல் போனது. உங்களுக்கு நினைவிருக்கும். டீசல் அடிக்கிற ஷெட்டுக்கு முன்னால் வரிசை, வரிசைக்குள்ளேயே சமையல், கியூஆர் காட்டினால் வாரத்துக்கு ஒரு அளவுதான். பஸ் ஓடவில்லை. ஆம்புலன்ஸ் உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும். என் வேங்கைக்குக் கிடைத்த வாரப் பங்கு நுவரெலியாவுக்கு ஒரு தடவை போய்வரத்தான் காணும். பாக்கியத்துக்குத் தேவை இரண்டு தடவை. கணக்கு அவ்வளவுதான்.

நானாவின் கடை வாசலில் வண்டியை நிறுத்தி விஷயத்தைச் சொன்னேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது என்ன, பெரஹெரா ஊர்வலத்துக்குப் போற யானையா? இந்தக் கம்பி என்னத்துக்கு?"

"நானா, அது ஒரு கெத்துங்க."

"கெத்துக்கு டீசல் யாரு குடுக்கிற? கழட்டுங்க."

கம்பி போனது. மேல் தட்டு போனது. முன் சக்கரத்து லொக்கைத் தானே திருப்பி விட்டார். "தார் ரோட்டுல முன் சில்லையும் சேத்து இழுக்கிறீங்க. சப்பாத்தோட படுக்கிற ஆள் நீங்க. சேத்துல ஏறக்குள்ள பூட்டுங்க, ரோட்டுக்கு வந்தா தொறங்க." டயரை விரலால் அழுத்திப் பார்த்து உச்சுக் கொட்டினார். கடைசியாக இஞ்சினைத் திறந்து, தண்ணீர்க் குழாயைக் கழற்றி உள்ளே பார்த்தவர், திருட்டைக் கண்டவர் மாதிரி நிமிர்ந்தார்.

"தெர்மோஸ்டட் எங்க?"

நம்முடைய ஆட்களுக்கு இது புரியும். கொழும்புப் பக்கத்து மெக்கானிக் பாஸ்மார், வெக்கையில் இஞ்சின் கொதிக்காமல் இருக்க அந்தச் சின்னத் தட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அதைப் பார்த்து மலையிலும் எல்லாரும் எறிந்தோம். கடலோரத்துக்காரன் விசிறியை நாம் கொண்டுவந்து குளிரில் வீசிக்கொண்ட கதை.

"செல்லையா, இந்தக் குளிருக்குள்ள ஒங்கட இஞ்சின் சூடே ஆகாம ஓடுது. சூடாகாத இஞ்சின் ரெண்டு வாயால குடிக்கும். வெளங்குதா?"

"புதுசு ஒன்னு போடுங்களேன் நானா."

"கப்பல் வந்தா போடுவோம்" என்றார். அப்போது ஒரு கப்பலும் வரவில்லை. கொஞ்சம் யோசித்தார். வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பாக்கியத்திடம், "தங்கச்சி, கொழுந்தெடுத்த காலத்துப் படங்கு வீட்டுல ஈக்கிதா?" என்று கேட்டார். மழையும் செடியும் படாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற அந்த முரட்டு விரிப்பை அவள் எறியாமல் வைத்திருந்தாள். அதை மடித்து ரேடியேட்டரின் பாதியை மூடிக் கட்டினார். குளிர்காற்று முகத்தில் அடிக்காமல் இஞ்சினுக்குப் போர்வை. "ஏத்தத்துல சூடு காட்டுற ஊசியப் பாத்துக்கிட்டே ஈங்க. செவப்புக்குப் போனா படங்கத் தூக்குங்க. தூக்காட்டி இஞ்சின் செத்துடும், இஞ்சின் செத்தா..." என்று நிறுத்திவிட்டார். பாக்கியம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீசல் காட்டும் முள் அந்த வண்டியில் என்றைக்கோ செத்துவிட்டது. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிய ஒரு கம்பைச் சீவி டாங்கிக்குள் விட்டு, ஒரு பயணம் போய்வர எவ்வளவு வேண்டுமோ அந்த இடத்தில் கத்தியால் வெட்டுப் போட்டோம். முதல் வாரம் நுவரெலியா போய்வந்து கம்பை விட்டுப் பார்த்தால், வெட்டுக்கு மேலே ஈரம். இரண்டாவது பயணத்துக்கு டீசல் இருந்தது! நான் பஸார் நடுவில் கம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தேர்தலில் வென்றவர்கூட அப்படி நடந்திருக்க மாட்டார். நானா கடைக்குள்ளிருந்தே, "கம்ப ஆட்டாதீங்க, சொட்டுது!" என்று கத்தினார்.

இப்படிச் சில வாரம் ஓடியது. பிறகு ஒரு வாரம் ஷெட்டுக்கு டீசல் கொண்டுவருகிற பவுசரே வரவில்லை. பாக்கியத்துக்கு ஒரு தடவை தவறியது. அடுத்த தடவைக்கான காலையில் கம்பை விட்டேன். ஈரம் வெட்டுக்குக் கீழே நின்றது. அவளால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சை எண்ணி எண்ணி எடுத்தாள். நுவரெலியா எட்டுமா என்று தெரியாது. எட்டாவிட்டால் என்ன என்பது மட்டும் தெரியும்.

நானாவிடம் போனேன். கம்பைப் பார்த்தார். கடையின் கதவை இழுத்துப் பூட்டினார். "நானும் வாறன்" என்றார்.

"உங்க பாரத்துக்கும் டீசல் வேணுமே நானா."

"நான் வராட்டி நீங்க நியூட்டர்ல விடுவீங்க. அதுக்குப் போறதவிட என்ட பாரம் கொறவு."

இதுதான் எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை. இறக்கத்தில் கியரைக் கழற்றி, நியூட்டரில் விட்டால் டீசல் மிச்சம் என்பது இந்த மலையில் ஸ்டியரிங் பிடித்த அத்தனை பேரின் வேதம். நானும் அதில் பண்டிதன். நியூட்டரில் விட்டேனென்றால் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் வரை வண்டி தானாகவே போகும், ஏற்றத்தில்கூட! நானா ஒத்துக்கொள்ள மாட்டார். நோர்வூட் இறக்கத்தில் என் கை கியரை நோக்கிப் போனபோது அவருடைய கை அதன்மேல் இருந்தது.

"கால எடுங்க. கியர்ல ஈக்கட்டும். ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால மட்டும் எடுங்க."

"இஞ்சின் சுத்துதே நானா, டீசல் போகாதா?"

"சில்லுதான் இப்ப இஞ்சினச் சுத்துது. பம்பு ஒரு சொட்டும் குடுக்காது. நியூட்டர்ல விட்டா இஞ்சின் தானா ஓட அதுக்கு நீங்க குடிக்கக் குடுக்கணும். பிரேக்கும் எரியும்."

"எங்கப்பா காலத்துல இருந்து..."

"ஒங்கட அப்பாவுக்கு இறக்கத்துல பிரேக் கருகின மணம் மணந்ததா இல்லையா? அதச் சொல்லுங்க முதல்ல!"

நடுவில் உட்கார்ந்திருந்த பாக்கியம் மூச்சுக்கு மூச்சு, "ரெண்டு பேரும்... கொஞ்சம்... வாய மூடுறீங்களா" என்றாள். மூடினோம். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை. கடைகள் பாதி பூட்டிக் கிடந்தன. தெருவில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள், வண்டிகள் இல்லை. தலவாக்கலை தாண்டியதும் நானா இறங்கி, படங்கைப் பாதி தூக்கிக் கட்டினார். இனி ஏற்றம்தான்.

மூடுபனி இறங்கியிருந்தது. வேங்கை இரண்டாம் கியரில் முனகி ஏறியது. பாக்கியத்தின் உதடு நீலம் பூத்திருந்தது. ஊசி சிவப்புக்குப் பக்கத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. மேலே கடைசி வளைவு தெரிந்த நேரத்தில் இஞ்சின் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. நின்றுவிட்டது.

நான் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நானா கம்போடு இறங்கிப் போய் வந்தார்.

"டீசல் ஈக்கிது" என்றார். "ஆனா ஏத்தத்துல எல்லாம் டாங்கிட பின்பக்கம் ஓடிப் போயிட்டு. உறிஞ்சிற குழாய் முன்பக்கம். இப்ப அது காத்தக் குடிக்குது."

"அப்ப?"

"வண்டியத் திருப்புங்க. மூக்கக் கீழ வைங்க. டீசல் முன்னுக்கு வரும்."

"நானா, ஆஸ்பத்திரி மேல இருக்கு!"

"தெரியும். ரிவஸ்ல ஏறுங்க."

வளைவில் ரோட்டு கொஞ்சம் அகன்றிருந்த இடம்வரை வண்டியை மெல்ல உருளவிட்டு, மூக்கைத் தலவாக்கலைப் பக்கம் திருப்பி நிறுத்தினேன். நானா முன் சக்கரத்து லொக் இரண்டையும் பூட்டினார். இஞ்சின் பக்கத்தில் குனிந்து, கைப்பம்பை அமுக்கி அமுக்கிக் குழாயில் நின்ற காற்றை வெளியே எடுத்தார். நெற்றி வியர்வை பனியில் ஆவியாகப் போனது. நான் சாவியைத் திருப்பினேன். உறுமியது.

நான்கு சக்கரமும் இழுக்க, ரிவர்ஸ் கியரில், நானுஓயா ஏற்றத்தில் பின்பக்கமாக ஏறினேன். இதை இலங்கையில் செய்த ஒரே ஆள் நான்தான். மறுப்பவர்கள் வண்டியைக் கொண்டுவரட்டும். தலையைத் திருப்பிப் பனிக்குள் பார்த்துத்தான் ஓட்டினேன்; பள்ளம் ஒரு பக்கம், கல்மதில் ஒரு பக்கம். அரை மைல் ஏறினேன் என்று நான் சொல்வேன். ஒரே ஒரு வளைவுதான் என்று பாக்கியம் சொல்வாள். அவளுக்கு அப்போது நினைவு சரியாக இல்லை. நானா எனக்குப் பின்னால், அதாவது ரோட்டில் எனக்கு மேலே, வெள்ளைத் தொப்பியைக் கையில் தூக்கி ஆட்டிக்கொண்டு நடந்தார். பனியில் அந்தத் தொப்பி மட்டும்தான் தெரிந்தது.

திடீரென்று தொப்பி நின்றது. பிறகு ஆவேசமாக ஆடியது. எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயம். மேலேயிருந்து ஒரு மரக்கறி லொறி வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், இஞ்சினை நிறுத்தி, நியூட்டரில் உருண்டு வந்தது. டீசல் மிச்சம் பிடிக்கிறார்கள்! நானா ரோட்டின் நடுவில் நின்றார். ஓரத்துக்கு ஓடவில்லை. ஓடியிருந்தால் லொறி எங்கள்மேல்தான் வந்திருக்கும். பிரேக் கீச்சிட்டது. பனியைக் கிழித்துக்கொண்டு லொறியின் முகம் வந்தது. நானாவின் நெஞ்சுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. கருகிய மணம் எங்கள் வண்டிக்குள்ளும் வந்தது.

"பிஸ்ஸுத?" என்று லொறி டிரைவர் கத்தினார், பைத்தியமா என்று. நானா சிங்களத்தில் அவருடைய பரம்பரை முழுவதையும் விசாரித்துவிட்டு, எங்கள் வண்டிக்குள் கையைக் காட்டினார். டிரைவர் இறங்கி வந்து பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தார். திரும்பிப்போய், சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஒரு போத்தல் டீசலைக் கொண்டுவந்து நானாவிடம் கொடுத்தார். அந்த நாளில் அது என்ன பெறுமதி என்று உங்களுக்குத் தெரியும். நானா அதை டாங்கியில் ஊற்றி, போத்தலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே நின்றார். டிரைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஹரி நானா, ஹரி", சரி சரி என்று போத்தலைப் பிடுங்கிக்கொண்டார். போகும்போது கியரைப் போட்டுத்தான் இறங்கினார்; இஞ்சின் சத்தம் கீழே வளைவு வளைவாகக் கேட்டது.

உச்சியில் வண்டியைத் திருப்பி, நுவரெலியாவுக்குள் மனிதர்கள் போகிற மாதிரி முன்பக்கமாகவே போனோம். பாக்கியத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டு ஓடினார்கள். நானும் நானாவும் சுவரோரம் குந்தியிருந்தோம். நெடுநேரம் கழித்து டொக்டர் அம்மா வந்து, "மூச்சு சரியா வருது. இன்னும் பிந்தியிருந்தா நான் ஒன்னும் செய்யேலாது" என்றார். நான் அழவில்லை. நுவரெலியாப் பனி கண்ணில் இறங்கியது. நானா என்னைப் பார்க்காமல், தன் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "திரும்பிப் போற வழி இறக்கம்" என்றார். "கையக் கியர்ல வெச்சீங்கண்டா வெட்டிப்போடுவன்."

இப்போது டீசல் தாராளமாகக் கிடைக்கிறது. கப்பல் வந்து, தெர்மோஸ்டட்டும் வந்து, அதை நானாவே போட்டுத் தந்தார். ஃபோர்வீல் எனக்குத் தெரிந்த அளவு அவருக்கும் தெரியும் என்பதை இந்த இடத்தில் பெருந்தன்மையோடு ஒத்துக்கொள்கிறேன்.

அவரை அடக்கிய நாளன்று நான் மையவாடியில் இல்லை. அவரைத் தோளில் சுமக்கவில்லை, ஒரு பிடி மண் போடவில்லை. அந்த நேரத்தில் பாக்கியத்துக்கு மெஷின் முடிந்து, நானுஓயா இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். கியரிலேயே விட்டேன். காலை எடுத்தேன். இஞ்சின் அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. சீட்டில் தலையைச் சாய்த்திருந்த பாக்கியம் கண்ணைத் திறக்காமலே, "நானா திட்ட ஆரம்பிச்சிட்டாருங்க" என்றாள்.

எனக்கு அவர் விட்டுப்போனது அந்தத் திட்டுத்தான். வாரத்துக்கு இரண்டு தடவை, தலவாக்கலை வரும்வரை கேட்கிறேன். பக்கத்தில் அவளும் கேட்கிறாள்.